முதலில் தட்டு, பிறகு கதை: சிறுவயதுக் காயத்தால் வந்த உணவுக் கோளாறிலிருந்து மீள முழுமையான வழிகாட்டி

மீண்டு வர வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். இப்போதைக்கு அது போதும். மற்றதை வரிசையாக, சேர்ந்தே பார்ப்போம். வரிசை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பலர் நேராகச் சிறுவயதுக் கதைக்குள் இறங்கிவிடுகிறார்கள். உடம்பு பட்டினியில் தள்ளாடும்போது பழைய வலியைக் கிளறினால், அதைத் தாங்க மறுபடி சாப்பாட்டிடமே ஓட வேண்டியிருக்கும். அதனால் முதலில் வேளாவேளைக்குச் சாப்பாடு. கதை அதற்கப்புறம்.

என்ன இது?

பரவலாகக் காணப்படுபவை மூன்று. எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் பசியை அடக்கி உடம்பை உருக்குவது அனோரெக்சியா. கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டு, வாந்தி, பேதி மருந்து, பட்டினி, வெறித்தனமான உடற்பயிற்சி என்று ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. 1979இல் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல்தான் இதற்குத் தனிப் பெயர் தந்தார். அப்படி ஈடுகட்டாமல், திரும்பத் திரும்ப வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது பிஞ்ச் ஈட்டிங். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பிடித்தது 2013இல்தான்.

ஆளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நடுத்தர எடையில், சிரித்த முகத்தோடு, ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் உண்டு. ஆண்களுக்கும் வரும்.

எங்கிருந்து வருகிறது?

1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடை குறைப்புச் சிகிச்சை நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று உட்கார்ந்து பேசியபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. யாருடைய பார்வையும் தன்மேல் விழாமலிருக்கப் பருமனான உடம்பு சிலருக்குக் காப்பாக இருந்திருக்கிறது. பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு ஆராய்ந்தார்கள். முதல் கட்டுரை 1998இல் வெளிவந்தது.

நம் வீடுகளிலும் இது வெவ்வேறு உருவில் இருக்கிறது. தண்டனையாக நிறுத்தப்பட்ட ராச்சோறு. அடி வாங்கிய விம்மலோடு விழுங்கிய கவளம். குடித்துவிட்டு வந்த அப்பா தட்டை எட்டி உதைத்த இரவு. தொடக்கூடாத இடத்தில் தொட்டவர் கையில் திணித்த மிட்டாய். குழந்தையால் ஓட முடியாது, எதிர்க்கவும் முடியாது. அதன் வசம் இருந்தது வாயும் வயிறும்தான். அன்று உங்களைக் காப்பாற்றிய வழி அது, அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. (எல்லோருக்கும் காயம்தான் காரணம் என்றில்லை. பரம்பரை, கடும் டயட், உருவக்கேலி ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.)

முதலில் யாரைப் பார்ப்பது?

பொது மருத்துவரை. பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் வேண்டும் என்று கேட்போம். வாந்தி, பேதி மருந்து விஷயத்தை மறைக்காதீர்கள். அவை பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே குழப்பிவிடும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டிவிடலாம்.

அடுத்து மனநலம். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். வாராவாரம் பேசிச் சிகிச்சை தருபவர் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா, உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை தந்த அனுபவம் உண்டா என்று முதல் நாளே கேட்பதில் தவறில்லை. முதல் சந்திப்பிலேயே எடை குறைக்கும் டயட் சார்ட்டை நீட்டினால் வேறொருவரைத் தேடுவோம்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? 14416. இது மத்திய அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எவ்வளவு செலவாகும்?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் உண்டு. புறநோயாளிச் சீட்டு, பரிசோதனை, மருந்து எதற்கும் காசு இல்லை. காத்திருக்க மட்டும் நேரம் ஒதுக்க வேண்டும்.

தனியாரிடம் கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆக்ஸ்போர்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உணவுக் கோளாறுக்கென்றே உருவாக்கிய சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) முறை நன்கு சோதிக்கப்பட்டது. அதில் வழக்கமாக 20 அமர்வுகள், ஏறக்குறைய ஐந்து மாதம். எடை மிகக் குறைந்தவர்களுக்கு 40 வரை போகும். அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 அமர்வுக்கு 30,000. முதல் மாதம் வாரம் இருமுறை போக வேண்டியிருப்பதால் செலவு தொடக்கத்தில்தான் கனக்கும். சிறுவயதுக் காயத்துக்கான அமர்வுகள் இதற்கு மேல். கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்கத் தயங்க வேண்டாம். உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் புறநோயாளிச் செலவு அடங்குமா என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு வேளையைச் சீராக்குவது எப்படி?

இதுதான் அஸ்திவாரம், நிதானமாகப் பார்ப்போம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி. விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். காலை 8 மணிக்கு இட்லி, 11க்கு மோரும் வாழைப்பழமும், 1.30க்குச் சோறு, 4.30க்குச் சுண்டல், இரவு 8க்குத் தோசை என்று வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் என்ன சாப்பிட்டோம் என்பதைவிட எப்போது சாப்பிட்டோம் என்பதே முக்கியம். பசிக்கவில்லையே என்பீர்கள். பசி உணர்வே குழம்பிக் கிடக்கும் காலம் இது. சில மாதங்களுக்குக் கடிகாரத்தை நம்புவோம்.

ஏன் இப்படி? 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். சாப்பாடே நினைப்பாகிப்போனது அவர்களுக்கு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். உணவு திரும்பக் கிடைத்தபோது நிறுத்த முடியாமல் தின்றவர்களும் உண்டு. நள்ளிரவில் ஃபிரிட்ஜ் முன் நிற்க வைப்பதும் பெரும்பாலும் பகலில் காய்ந்த வயிறுதான். மனஉறுதி இல்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. ராத்திரி அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டோம், காலையில் ‘இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம்’ என்று தோன்றும். அந்தக் காலை இட்லியைத்தான் தவறவிடக்கூடாது. வெள்ளிக்கிழமை, ஏகாதசி, நோன்பு எதுவானாலும் இந்தக் காலத்தில் விரதத்தைத் தள்ளிவைப்போம். வீட்டுப் பெரியவர்களிடம் ‘டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்’ என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

கூடவே ஒரு நோட்டு. எத்தனை மணி, என்ன சாப்பிட்டோம், யார் கூட இருந்தார்கள், மனசு எப்படி இருந்தது என்று அப்போதைக்கப்போது எழுதுவோம். அளவும் கலோரியும் வேண்டாம். எடை பார்க்கும் மெஷினைப் பரணில் ஏற்றிவிடுங்கள். சிகிச்சையில் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பழைய கதையை எப்போது திறப்பது?

சில வாரங்களாவது சாப்பாடு ஒழுங்கான பிறகு. உயிரை விடும் எண்ணம் இல்லாதபோது. நம்பிப் பேச ஒரு ஆளாவது இருக்கும்போது.

சாப்பாடு சீரானதும் சிலருக்கு மனசு மேலும் கலங்கும். கெட்ட கனவு வரும், காரணமில்லாமல் அழுகை வரும். இவ்வளவு நாள் உணவு அமுக்கி வைத்திருந்தது மேலே வருகிறது. சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைத்து நிறுத்திவிடாமல், வந்ததை அப்படியே உளவியலாளரிடம் சொல்வோம்.

காயத்துக்கென்றே முறைகள் இருக்கின்றன. அதற்கான தனி சி.பி.டி. ஒன்று. உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987இல் கண்ட, கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். இன்னொன்று. எந்த முறையானாலும் வேகம் நம் கையில்தான். ‘இன்று இது போதும்’ என்று சொல்லலாம். நினைவு இழுக்கும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லி நிகழ்காலத்துக்குத் திரும்பும் பயிற்சியை முன்பே பழகிக்கொள்வோம். அமர்வு நாளின் இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே முடிவு செய்து வையுங்கள்.

தவறு செய்தவரை நேரில் கேட்டாக வேண்டும் என்றோ, மன்னித்தாக வேண்டும் என்றோ கட்டாயமில்லை. இரண்டும் இல்லாமலே மீளலாம். ஆனால் அந்த ஆள் இன்னும் அதே வீட்டில் இருந்தால் பாதுகாப்புதான் முதல் வேலை. உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

வீட்டில் என்ன சொல்வது?

கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. தேவையானதைக் கேட்டால் போதும். ‘அம்மா, இன்னொரு கரண்டி வேணும்னா நானே கேட்கிறேன், நீயா வைக்காத.’ ‘சாப்பிடும்போது பக்கத்துல உட்கார்ந்து வேற ஏதாவது பேசு.’ இளைத்தாய், பூசினாற்போல் இருக்கிறாய் என்ற பேச்சு பாராட்டாகக்கூட வேண்டாம். கல்யாண வீடுகளில் அது எப்படியும் வரும். பேச்சை மாற்றிவிட அக்காவையோ தோழியையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வோம்.

எச்சரிக்கை

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாத பலவீனம், தற்கொலை எண்ணம். இதில் எது வந்தாலும் 108.

நெடுநாள் பட்டினி கிடந்தவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்குவதும் ஆபத்து. பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து இதயத்தைப் பாதிக்கும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டுவோம்.

வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காமல், தண்ணீரால் கொப்பளியுங்கள். மனநல மருந்துகளை நாமாக நிறுத்த வேண்டாம். எடை குறைக்கும் பவுடர், டீ, பல மணி நேரம் சாப்பிடாமலிருக்கும் டயட் (இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்) எதையும் தொட வேண்டாம்.

மறுபடி வந்தால்?

பரீட்சை, பிரசவம், ஒரு சாவு, சொந்த ஊருக்குப் போய்வருவது போன்ற நேரங்களில் பழையது எட்டிப் பார்க்கும். சிகிச்சை முடியும் முன்பே உளவியலாளரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதி வைப்போம். காலைச் சாப்பாட்டை விடுவது, மெஷினைப் பரணிலிருந்து இறக்குவது, தனியாகச் சாப்பிடத் தேடுவது என்று உங்கள் முதல் அறிகுறிகள் என்னென்ன, யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அறிகுறி தெரிந்த அன்றே கடிகாரத்துக்கும் நோட்டுக்கும் திரும்புவோம். இரண்டு வாரத்தில் சீராகவில்லை என்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். போகும்போது பழைய நோட்டையும் கொண்டுபோங்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.