ஓடைத் தண்ணீரும் கிரவுன் ஆயிலும்

ஐயா, பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன். தேங்காய் லோடு, சீசனில் மாங்காய். தோப்புக்கு ஓடையைக் கடந்துதான் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பின் ஹவுசிங் முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடும். இப்போது வேகம் 50-ஐத் தாண்டினால் பின்பக்கம் ஊளைச் சத்தம் கேட்கிறது. கிரவுன் ஆயிலை மாற்றினால் போய்விடும் என்கிறார்கள். போகுமா?
— வாசகர், கூமாப்பட்டி

நீங்கள் ஓடையைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. மலையடிவாரத்தில் ஓடும் வண்டிகளில் கிரவுன், அதாவது பின் ஹவுசிங்குக்குள் இருக்கும் டிஃப்ரென்ஷியல் பற்சக்கரத் தொகுதி, கெடுவதற்கு வயதைவிடத் தண்ணீரே பெரிய காரணம்.

லோடு ஏற்றி வந்த வண்டியின் பின் ஹவுசிங் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதே சூட்டோடு அது ஓடையில் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கப் பார்க்கும். அதற்காகத்தான் ஹவுசிங்கின் மேல்பக்கம் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீருக்குள் முங்கியிருந்தால் தண்ணீரையே இழுக்கும். சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் ஓரமாகத் தண்ணீர் நுழையும். அடைத்த பிரீதரால் இன்னொரு கேடும் உண்டு. வண்டி ஓடி உள்ளே சூடு ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, ஆயிலைச் சீல் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் தள்ளிவிடும். சீல் போய்விட்டது என்று மாற்றிய மறுமாதமே மறுபடியும் கசிகிறதென்றால் முதலில் பிரீதரைப் பாருங்கள்.

வண்டியைச் சமதரையில் ஓர் இரவு நிறுத்திவையுங்கள். காலையில் ஆயில் ஊற்றும் நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். பழுப்போ கறுப்போ கவலையில்லை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அந்த ஆயிலோடு ஒரு நடைகூட ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பல்லின் மேல் படலமாக நிற்காது. பேரிங்கில் துருப் பிடிக்கும், பிறகுதான் சத்தம் வரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை கூடி, காலை எடுத்ததும் குறைந்தால், அல்லது நேர்மாறாக நடந்தால், கிரவுன், பினியன் பற்களிலோ பினியன் பேரிங்கிலோ தேய்மானம் இருக்கிறது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் வீல் பேரிங்கைச் சோதியுங்கள். கிளட்ச்சை விடும்போது மட்டும் ‘டங்’ என்று அடித்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்ததால் வந்த சத்தமாக இருந்து, சீக்கிரமே கவனித்துவிட்டால், புது ஆயிலில் அடங்கக்கூடும். தேய்ந்துபோன பல்லை எந்த ஆயிலும் வளர்க்காது. கெட்டியான 140 ஆயில் ஊற்றி ஊளையை அமுக்கி விற்கும் பழக்கம் சந்தையில் இருக்கிறது. பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது என்பதற்கு வண்டியின் கையேடுதான் அடிப்படை. ஓடை கடக்கும் வண்டிக்கு அந்தக் கணக்கு போதாது. மழைக்காலம் முடிந்ததும், கிலோமீட்டர் எவ்வளவு ஆகியிருந்தாலும், ஒருமுறை திறந்து நிறம் பாருங்கள். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சேஸுக்கும் மேலே உயர்த்திக் கட்டிவிடுங்கள். குழாயின் செலவு ஒரு லிட்டர் ஆயில் விலையைத் தொடாது. இந்தப் பகுதியின் ஒவ்வொரு பிக்கப்பிலும் ஜீப்பிலும் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2025-இல் ரீல்ஸைப் பார்த்துவிட்டுக் கூமாப்பட்டிக்கு வெளியூர் கார்கள் நிறைய வந்தன. பிளவக்கல் அணையைப் பார்க்க வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: படத்துக்காக வண்டியைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கடையில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு கியர் ஆயில் வைத்திருக்கிறார்கள். ஐந்து உசத்திதானே, கியர் பாக்ஸ், கிரவுன் இரண்டுக்கும் அதையே ஊற்றலாமா?
— வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

எண் பெரிதாக இருப்பதால் அதுவே எல்லாவற்றுக்கும் சிறந்தது என்று ஆகாது. கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே பினியன் விலகி நிற்கும். ஹைப்பாய்டு என்கிற இந்த அமைப்பை 1920-களில் அமெரிக்காவின் க்ளீசன் நிறுவனம் கொண்டுவந்தது. ஷாஃப்ட் தாழ்ந்து, காரின் தரையும் தாழ்ந்தது. ஆனால் இந்த அமைப்பில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு, கடும் அழுத்தத்தில் வழுக்கி உரசவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய் அங்கே பிதுங்கி வெளியேறிவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ரசாயனங்களைக் கலக்கிறார்கள். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நாற்றம் கந்தகத்துடையது. ஜிஎல்-5 ஆயிலில் இந்தக் கலவை ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கியர் பாக்ஸுக்குள் பித்தளை சிங்க்ரோ ரிங்குகள் இருக்கின்றன. அவை உரசிப் பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். அதிகப்படியான கந்தகக் கலவை சூட்டில் பித்தளையை அரிக்கலாம்; வழவழப்புக் கூடினால் ரிங் பிடிக்கவும் செய்யாது. கையேடு ஜிஎல்-4 என்று சொல்லும் கியர் பாக்ஸுக்கு அதுதான். கிரவுனுக்கு ஜிஎல்-5. இரண்டுக்கும் பொருந்தும் என்று தயாரிப்பாளரே அச்சிட்ட ஆயில்கள் உண்டு. அது வேறு கதை.

கியர் ஆயில் டப்பாவில் ‘90’ என்று பார்த்ததும் எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று எண்ண வேண்டாம். கியர் ஆயிலுக்கு அளவுகோல் வேறு. கியர் ஆயில் 90-இன் கெட்டித்தன்மை எஞ்சின் ஆயில் 40, 50-ஐ ஒட்டியே இருக்கும்.

பின்சக்கரம் இழுக்கும் டூ-சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆட்டோமேட்டிக். 70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர் பாக்ஸ் ஆயிலும் கிரவுன் ஆயிலும் வண்டியின் ஆயுளுக்கும் தாங்கும், மாற்றத் தேவையில்லை என்கிறார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்க ஆசை.
— வாசகர், ராஜபாளையம்

இரண்டையும் மாற்றிவிட்டுக் கோவைக்குப் போங்கள். உலகின் பல உயர்விலைக் கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. டிராக்கில் ஓட்டுவதென்றால் இன்னும் முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

கிரவுன் ஆயிலை மாற்றும் முன் உங்கள் காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரென்ஷியல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிளட்ச் பிளேட் வகையாக இருந்தால் அதற்கென்று தனிச் சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாக வளைக்கும்போது பின்பக்கம் கடகடவென்று உதறும்.

மெக்கானிக் பக்கத்தில் நின்று சில விஷயங்களைக் கவனியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி ஆயில் இளகிய பிறகே வடிக்க வேண்டும். கிரவுனில் முதலில் மேலே ஊற்றும் நட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இது மிக முக்கியம். கீழ் நட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் நட்டு துருவேறி அசையாமல் நின்றால் கார் அங்கேயே படுத்துவிடும். வடிகால் நட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டிய சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் துண்டுகள் இருந்தால் டிராக் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். ஊற்றும் துளையின் கீழ்விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கினால் அளவு சரி. கார் நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். பின்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி ஊற்றினால் அளவு தப்பிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் எஞ்சின் ஓடும்போதே, குறிப்பிட்ட வெப்பநிலையில் அளவு பார்க்க வேண்டும். கருவி வைத்து வெப்பநிலை பார்க்காத இடத்தில் கொடுக்காதீர்கள்.

என் ஆல்ட்டோவில் கிரவுன் ஆயில் எங்கே ஊற்றுவது?
— வாசகர், வத்திராயிருப்பு

தனியாக இல்லை. முன்சக்கரம் இழுக்கும் கார் என்பதால் டிஃப்ரென்ஷியலும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் இருக்கின்றன. அங்கே ஹைப்பாய்டு பற்களும் கிடையாது. கையேட்டில் உள்ள கியர் ஆயில் போதும். ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதற்குப் பின்சக்கர இழுவை, பின்னால் கிரவுன் இருக்கிறது.

வடித்த கியர் ஆயிலைக் கறையானுக்காக வேலிக் கட்டைகளில் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். தவறா?
— வாசகர், கூமாப்பட்டி

தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். கழிவு எண்ணெயை அபாயகரமான கழிவு என்றே 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வகைப்படுத்துகின்றன. கட்டையில் பூசியது முதல் மழையிலேயே கழுவி இறங்கி, தோப்புக் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் போகும். கறையானுக்கு வேறு மருந்து இருக்கிறது. வடித்ததை மூடியுள்ள கேனில் ஊற்றி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் வையுங்கள். மறுசுழற்சி உரிமம் பெற்றவர்களுக்குக் கழிவு ஆயில் கொடுக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்புகள் ஊர்ப்பக்கம் இருக்கின்றன. அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது கேனையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.