பட்டாணி அளவு மூளை சொல்வது என்ன?

கேள்வி: என் அக்காவைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தோம். அவள் மகனுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்தே தலை சிறியது, பேச்சும் வரவில்லை. ஆய்வகத்தில் மூளையையே வளர்க்கிறார்களாமே, அதை இவனுக்கு வைக்க முடியுமா? அக்கா இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்படுகிறாள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: அன்புச் சகோதரிக்கு, வைக்க முடியாது. வைப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

ஆய்வகத்தில் வளர்வது முழு மூளை அல்ல. ஒருவரின் தோல் செல்லையோ ரத்தச் செல்லையோ, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, ஊட்டநீரில் வளர்க்கிறார்கள். கருவில் மூளை உருவாகத் தொடங்கும் நிலையைப் போன்ற சிறு உருண்டை கிடைக்கும். அதற்கு ஆர்கனாய்டு என்று பெயர். ரத்தக்குழாய் இல்லாததால் சில மில்லிமீட்டருக்கு மேல் அது வளர்வதில்லை.

பிறகு எதற்கு அது? சாமை சரியாக முளைக்காவிட்டால், பழுது விதையிலா என்று பார்க்கச் சட்டியில் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம் அல்லவா? சட்டியில் முளைத்தது சோற்றுக்கு ஆகாது, கோளாறைக் காட்டிவிடும். 2013இல் வியன்னாவில் ஆய்வாளர்கள் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்ளிக்கும் இதைத்தான் செய்தார்கள். தலை சிறுத்துப் பிறந்த ஒருவரின் தோல் செல்லிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்தார்கள். அது சிறியதாகவே நின்றது. பெருக வேண்டிய மூளைச் செல்கள், பெருகி முடிக்கும் முன்பே நரம்புச் செல்லாக மாறிவிட்டன. ஒரு மரபணுப் பழுதே காரணம். 2016இல் சிகா வைரஸ் கருவின் மூளையைச் சிறுக்கவைக்கும் விதத்தையும் ஆர்கனாய்டுகளே காட்டின. 2021இல் சென்னை ஐஐடியும் அமெரிக்காவின் எம்ஐடியும் சேர்ந்து, இவற்றை வளர்த்தபடியே கவனிக்கக்கூடிய, கழுவி மறுபடி பயன்படுத்தக்கூடிய மலிவான கருவியை முப்பரிமாண அச்சில் உருவாக்கின.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தலை சிறுக்கப் பல காரணங்கள் உண்டு. கர்ப்பகாலத் தொற்றும் அதில் ஒன்று. மரபணுதான் காரணமென்றால், பெரும்பாலும் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியைக் கொடுத்திருப்பார்கள். சொந்தத்தில் கட்டும்போது இதற்கு வாய்ப்புக் கூடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இதே குறை வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே அக்கா கருத்தரிக்கும் முன்பே பையனுக்கு மரபணுச் சோதனை செய்யுங்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டி, மரபணு ஆலோசனைக்கு எங்கே போவதென்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சியையும் இயன்முறைப் பயிற்சியையும் சோதனை முடிவுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்; மூன்று வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

இன்னொன்று: அக்காவை யாரும் குறைசொல்ல விடாதீர்கள். இது எவர் செய்த தவறும் அல்ல.