மலாய்ப் பெண்களின் பிரசவ மருந்து



பிள்ளை பெற்ற வீட்டில் சுக்கு, மிளகு, பூண்டு வாசனை இல்லாமல் இருக்குமா? மலேசியாவில் உள்ள மலாய் வீடுகளிலும் இதே கதைதான். இந்த மாதப் பாடத்தில் அந்தப் பெண்களின் மூலிகைப் பழக்கத்தைப் பார்ப்போம்.

பிரசவத்துக்குப் பிறகு அவர்கள் காக்கும் பத்தியத்துக்கு 'பந்தாங்' என்று பெயர். பல வீடுகளில் 44 நாள். வெள்ளரி, தர்பூசணி மாதிரி குளிர்ச்சியான பொருளைத் தொடக் கூடாது. சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒத்தடம் கொடுப்பாங்க. நீளமான துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டுவாங்க. இதற்கெல்லாம் 'பிடான்' என்ற ஊர் மருத்துவச்சி வருவார். உள்ளுக்குக் குடிக்கும் மூலிகை மருந்து 'ஜாமு'.

பிரசவித்த பெண்களுக்கான ஜாமுவில் 'மஞ்சகானி' என்று ஒன்று சேர்ப்பார்கள். அது என்ன தெரியுமா? நம்ம மாசிக்காய்தான்! குழந்தைக்கு உரை மருந்தில் உரசிக் கொடுக்கிறோமே, அதே சரக்கு.

'ஃபாத்திமா' என்ற பெயரில் இரண்டு மருந்து உண்டு. குழப்பம் வரும், கவனமாகப் படியுங்கள். காச்சிப் ஃபாத்திமா மலேசியக் காட்டில் வளரும் சின்னச் செடி. உடம்பு தேறவும் மாதவிலக்கு சீராகவும் அதைக் காய்ச்சிக் குடிப்பாங்க. இப்போது காப்பித் தூளில்கூடக் கலந்து விற்கிறார்கள். ரும்புட் ஃபாத்திமா வேறு. அது பாலைவனச் செடி, மக்காவுக்கு ஹஜ் போனவர்கள் வாங்கி வருவது. காய்ந்தால் மூடிய கை மாதிரி சுருண்டிருக்கும், தண்ணீரில் போட்டால் மெல்ல விரியும். அது விரிகிற மாதிரி கர்ப்பப்பை வாயும் விரிந்து பிரசவம் சுலபமாகும் என்ற நம்பிக்கையில், நிறைமாதக் கர்ப்பிணிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். இந்தத் தண்ணீர் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அது தெரியாமல் ஆஸ்பத்திரியில் வலி வர ஊசியும் போட்டால் என்ன ஆகும்? வலி அளவு மீறினால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போகும் பிராணவாயு குறையும். ஆனால் பல பெண்கள் டாக்டரிடம் இதைச் சொல்வதில்லை. அம்மாவோ மாமியாரோ கொடுத்தது, இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்ற எண்ணம். சொன்னால் திட்டுவாங்களோ என்ற பயம் வேறு. (நம்ம ஊர் நர்ஸம்மாவிடம் நாம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோமா என்ன!)

திட்டுவதால் யாரும் மூலிகையை விடப்போவதில்லை என்பது எங்கள் கருத்து. மலேசிய அரசே 2007-இல் பினாங்கு மாநிலம் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. பிறகு மற்ற மருத்துவமனைகளுக்கும் அது பரவியது. ஒரே கட்டிடத்தில் இரண்டும் இருந்தால் மறைக்க வேண்டிய அவசியமும் குறையும்.

இன்னொரு ஆபத்து கலப்படம். மூட்டுவலிக்கு என்று விற்ற சில ஜாமு பாக்கெட்டுகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். சாப்பிட்ட மறுநாளே வலி போய்விடும். கைராசியான மருந்து என்று பேரும் வந்துவிடும். நாளாக நாளாக முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பாரம்பரிய மருந்துகளையும் பதிவு செய்ய வேண்டும் என்ற முறை அங்கே 1992-இல் வந்தது. 'மால்' என்று தொடங்கி எட்டு எண்ணும் கடைசியில் 'டி' எழுத்தும் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்கிறார்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

கர்ப்பமாக இருக்கும்போது நம் வீட்டில் என்னென்ன கஷாயம் கொடுத்தார்கள்? அதை நர்ஸிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்?

பெயர் ஒன்றாக இருந்து சரக்கு வேறாக இருக்கும் மருந்து நம் ஊரில் உண்டா? மூத்த உறுப்பினர்களைக் கேளுங்கள்.

சந்தையில் லேபிள் இல்லாமல் வாங்கும் வலிப்பொடியில் என்ன இருக்கிறது என்று யாராவது விசாரித்தோமா? ஊக்குநர்கள் பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்.