சாளரத்தில் படம் தோன்றாமையும் அதன் காரணங்களும்

பெங்களூரில் மல்லேசுவரத்தையும் இராஜாஜி நகரையும் அடுத்துள்ள ஸ்ரீராம்புரம், தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் பகுதியாகும். அங்குள்ள பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வட்டாரத்தைப் பற்றிய பாடம் ஒன்றைக் கணிப்பொறியில் அமைக்கின்றார் எனக் கொள்க. ஒரு பொத்தானை அழுத்தினால், 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று திறக்கப்பட்ட ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தின் படம் தோன்றவேண்டும். அடுத்த பொத்தானுக்குக் கோவிலின் படம். அதற்கடுத்ததற்குச் சந்தையின் படம். விண்டோஸ் இயங்குதளம் அமைந்த வீட்டுப் பொறியில் பாடம் குறைவின்றி நடைபெறுகின்றது. லினக்ஸ் அமைந்த பள்ளிப் பொறியிலோ, சாளரம் திறக்கின்றது, தலைப்பும் பொத்தான்களும் தோன்றுகின்றன, படம் மட்டும் தோன்றவில்லை. மாணவர் முன்னிலையில் பாடவேளை வீணாகின்றது. பொறி பழுதுற்றது என்று எழுதிவைத்துவிட்டு, அப்பாடத்தை மறுமுறை எடுத்துப் பாராமலே விட்டுவிடுவதும் உண்டு.

இத்தகைய நிலையில் பழுது பெரும்பாலும் பொறியிலும் இல்லை, படத்திலும் இல்லை. ஒரு தளத்தில் நிரலுக்கு இயல்பாகக் கிடைத்து வந்த உதவி மறு தளத்தில் கிடைக்கவில்லை என்பதே காரணம். இந்நாட்டுப் பள்ளிகளில் இருவகைத் தளங்களும் வழக்கில் உள்ளன. மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் லினக்ஸ் ஒரு சான்று. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய மடிக்கணிப்பொறித் திட்டத்தின் கீழ், விண்டோஸும் பாஸும் ஒருங்கே அமைந்த பொறிகள் மாணவர்க்கு வழங்கப்பட்டன. ஆகவே, கல்விப் பணிக்கென நிரல் எழுதுவோர் தம் மேசையிலுள்ள பொறியை மட்டும் கருதி எழுதுதல் போதாது.

செய்தியைப் படித்தல்

முதற்கண் செய்யத்தக்கது, நிரல் கூறும் பிழைச் செய்தியைக் கண்ணால் காண்பதே. நிரலின் குறும்படத்தை இருமுறை தட்டித் திறக்கும்போது அச்செய்தி எவர் கண்ணிலும் படாமல் மறைந்துவிடக்கூடும். அதே நிரலைக் கட்டளைச் சாளரத்திலிருந்து இயக்கினால் செய்தி எழுத்தில் வந்து நிற்கும். 'அவ்வாறான கோப்பு இல்லை' எனப் பொருள்படும் செய்தி வருமாயின், பெயரிலோ இடத்திலோ பிழை உளது. 'கோப்பிலுள்ள தரவை அறிந்துகொள்ள இயலவில்லை' என வருமாயின், கோப்பு கிட்டியது, அதன் வகையே நிரலுக்கு விளங்கவில்லை என்க. செய்தி ஏதுமின்றி வெற்றிடம் மட்டும் தோன்றுமாயின், அதற்கான காரணம் வேறு. அது பின்னர்க் கூறப்படும். இச்சிறு பாகுபாட்டைச் செய்யாமல் நிரலை அங்குமிங்கும் திருத்துவோர் பலர். அதனால் முன்பு இல்லாத பிழைகளும் வந்து சேர்கின்றன.

இடமும் பெயரும்

கோப்பின் பெயரை மட்டும் எழுதி, அஃது எங்குள்ளது என்பதைக் கூறாமல் விட்டால், நிரல் அதனைத் தன் சொந்தக் கோப்புறையில் தேடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நிரலை இயக்கியவர் அவ்வேளையில் எந்தக் கோப்புறையில் நின்றாரோ அங்கேதான் அது தேடும். மேசைத்திரையிலுள்ள குறுக்குவழியைத் தட்டினால் ஓரிடம், கட்டளைச் சாளரத்திலிருந்து இயக்கினால் வேறோர் இடம். நிரற்கோப்பு இருக்கும் இடத்தை நிரலே அறிந்து, அதிலிருந்து படத்தின் முழுவழியைக் கட்டிக்கொள்ளுமாறு எழுதுவதே இதற்குப் பரிகாரம்.

வழியைக் குறிக்கும் சாய்கோடும் தொல்லை தருவது. விண்டோஸில் '\' என்னும் கோடு வழக்கம். லினக்ஸில் '/' என்பதே வழி பிரிக்கும் குறி. முன்னதை லினக்ஸ் கோட்டாகக் கருதாமல் பெயரின் ஓர் எழுத்தாகவே கருதும். மேலும், பைத்தான், சி முதலிய மொழிகளில் '\' என்பதை அடுத்து ஆங்கில 'என்' எழுத்து வந்தால், அவ்விரண்டும் சேர்ந்து 'புதிய வரி' என்று பொருள்படும். 'டி' எழுத்து வந்தால் தாவல் இடைவெளி என்று பொருள்படும். 'நிலையம்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, அதன்முன் இக்கோட்டை இட்டவருடைய நிரல் விண்டோஸிலேயே தடுமாறும். '/' என்பதை விண்டோஸும் ஏற்றுக்கொள்ளுமாதலின் எங்கும் அதனையே எழுதுதல் நலம்.

ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் விண்டோஸில் வழக்கமாக வேறுபாடின்றி ஒன்றாகவே கொள்ளப்படும். லினக்ஸில் அவை வெவ்வேறு. படக்கருவிகள் சில, பின்னொட்டைப் பேரெழுத்தில் இடுகின்றன. நிரலெழுதியவர் அதனைச் சிற்றெழுத்தில் குறிக்கின்றார். வீட்டில் ஓடிய நிரல் பள்ளியில் ஓடாமைக்கு இதுவே அடிக்கடி காணப்படும் காரணம். தமிழில் இவ்வேறுபாடு இல்லையாதலால், கோப்புக்குத் தமிழிலேயே பெயரிட்டால் இத்தொல்லை நீங்கும் என்று ஒருவர் கருதலாம். ஆனால் அங்கே மற்றொரு தொல்லை காத்திருக்கின்றது. ஸ்ரீராம்புரம் என்னும் பெயரே அதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

கணிப்பொறி எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணையே பார்க்கின்றது. யூனிகோட் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. 'ஸ்ரீ' என்பது ஒரே வடிவமாகத் தோன்றினும் நான்கு எண்களால் ஆனது. ஸகரத்துக்குரிய 3000, புள்ளிக்குரிய 3021, ரகரத்துக்குரிய 2992, ஈகாரக் குறிக்குரிய 3008 என அவை நிற்கும். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் 4.1 பதிப்பில் 'ஶ' என்னும் எழுத்து 2998 என்ற எண்ணுடன் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின் இவ்வடிவத்தின் முதலெண் 2998 ஆக இருப்பதே ஏற்றது எனக் கொள்ளப்பட்டது. ஆயினும் பழைய முறை மறையவில்லை. இரண்டும் இன்றளவும் பரவலாக வழங்குகின்றன. எழுத்துருக்களோ இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன. ஒருவர் தம் விசைப்பலகையில் பழைய முறையில் கோப்புக்குப் பெயரிட்டு, மற்றொருவர் புதிய முறையில் நிரலில் அதனை எழுதினால், எத்துணை உற்றுநோக்கினும் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. பொறியோ 'அவ்வாறான கோப்பு இல்லை' என்று கூறும். அது கூறுவது பொய்யன்று.

யூனிகோட்டின் பொதுவான ஒழுங்காக்க முறைகளும் இங்கே உதவமாட்டா. அவை இவ்விரு தொடர்களையும் வெவ்வேறு சொற்களாகவே விட்டுவிடும். எனவே ஒப்பிடும் முன் ஒரு முறையை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளுமாறு நிரலெழுதுவோரே எழுதுதல் வேண்டும். இரண்டையும் சமமாகக் கொள்வது நன்று என்று யூனிகோட் தரநூலும் பரிந்துரைக்கின்றது. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என இவ்வெழுத்தில் தொடங்கும் ஊர்கள் பல. அவ்வூர்ப் பட்டியல்களைக் கையாளும் கள ஊழியர்கள் படமின்றி வேறு பணியிலும் இதனை நினைவில் வைத்தல் தகும். ஒரே ஊர் பட்டியலில் இருமுறை எண்ணப்படுவதற்கும் இதுவே காரணமாகலாம்.

'கோவில்' என்னும் சொல்லில் வேறு வகைச் சிக்கல் உண்டு. ஓகாரக் குறியை 3019 என்னும் ஒற்றை எண்ணாலும் எழுதலாம். 3015, 3006 என இரண்டு எண்களாகப் பிரித்தும் எழுதலாம். ஆப்பிள் நிறுவனத்தின் மாக் பொறிகளில் முன்பு வழங்கிய கோப்பு முறை, பெயர்களைப் பிரித்தே சேமித்து வந்தது. அங்கிருந்து வந்த கோப்பு லினக்ஸில் வேறு பெயருடையதாகக் கருதப்படும். நல்வேளையாக, இதனை ஒழுங்காக்க முறைகள் தாமே சரிசெய்துவிடுகின்றன. 'ஸ்ரீ' ஒன்றே தனிக்கவனம் வேண்டுவது.

தமிழ்ப் பெயரை விலக்குவது உவப்பான யோசனையன்று. எனினும் கோப்புகளுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் கொண்ட எளிய பெயர்களை இட்டு, மாணவர் காணவேண்டிய தமிழ்ப் பெயர்களைத் தனிப் பட்டியலில் வைத்துத் திரையில் காட்டுவதே இப்போதைக்குத் துன்பமற்ற வழி.

கோப்பின் உள்ளியல்பு

பின்னொட்டு, கோப்பின் சட்டை மட்டுமே. அதனை மாற்றுவதால் உள்ளிருப்பது மாறிவிடாது. கைப்பேசிகள் சில, ஹெய்க் என்னும் புதிய வகையில் படமெடுக்கின்றன. அதன் பின்னொட்டை ஜேபெக் எனத் திருத்திவிட்டால் அது ஜேபெக் ஆகிவிடாது. உண்மையான வகையை அறிய முதற்சில பைட்டுகளைப் பார்த்தல் வேண்டும். ஜேபெக் கோப்பு 255, 216 என்னும் எண்களுடன் தொடங்கும். 1996இல் தரமாக அறிவிக்கப்பட்ட பி.என்.ஜி. வகையின் கோப்பு 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டு எண்களுடன் தொடங்கும்.

இவ்வெட்டு எண்களின் அமைப்பு பயில்வோர்க்கு மிகப் பயன் தருவது. தளம் விட்டுத் தளம் செல்லும்போது கோப்பு அடையக்கூடிய கேடுகளை உடனே வெளிப்படுத்துமாறு அவை தெரிந்தெடுக்கப்பட்டன. எழுத்துக் கோப்பில் ஒரு வரியின் முடிவை விண்டோஸ் 13, 10 என இரண்டு எண்களாலும், லினக்ஸ் 10 என ஒன்றாலும் குறிக்கும். படத்தை எழுத்துக் கோப்பெனத் தவறாகக் கருதி எந்தக் கருவியேனும் வரி முடிவுகளை மாற்றிவிட்டால், 13, 10 என்பது 10 ஆகச் சுருங்கும், அல்லது தனித்த 10 என்பது 13, 10 ஆக விரியும். எவ்வாறாயினும் கேடு முதலெட்டு எண்களிலேயே பிடிபடும். 137 என்பது 127க்கு மேற்பட்டதாதலின், பைட்டின் எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய தந்தி வழிகளையும் அது காட்டிக்கொடுக்கும். 26 என்பதைப் பழைய டாஸ் முறையில் எழுத்துக் கோப்பின் முடிவாகக் கொள்வர்.

சி மொழியில் படக்கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறக்கும் நிரல் லினக்ஸில் செவ்வனே ஓடும். அங்கு இருவகைத் திறப்புக்கும் வேறுபாடில்லை. விண்டோஸில் அதே நிரல் வரி முடிவுகளைச் சுருக்கி, 26ஐக் கண்டதும் நின்றுவிடும். பைட்டுகளாகத் திறக்குமாறு ஓரெழுத்து சேர்த்தால் போதும்.

பைத்தான் மொழியுடன் வரும் டிகின்டர், ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே என்னும் சாளரக் கருவியின்மேல் அமைந்தது. டிகே 2012இன் இறுதியில் வெளிவந்த 8.6 பதிப்பு முதற்கொண்டே பி.என்.ஜி. படத்தைத் தானாக அறியும். அதற்கு முற்பட்டவை ஜிஃப் போன்ற சிலவற்றையே அறிந்தன. ஜேபெக் படத்துக்கு 'பில்லோ' என்னும் துணைநிரல் வேண்டும். வீட்டுப் பொறியில் அதனை எப்போதோ நிறுவிவிட்டு மறந்தவர், பள்ளிப் பொறியில் அது இல்லை என்பதை நினைப்பதில்லை.

பற்றிக்கொள்ளாத படம்

பிழைச் செய்தியின்றி வெற்றிடம் மட்டும் தோன்றுவது டிகின்டரில் பெரிதும் காணப்படும் நிகழ்ச்சி. ஒரு செயற்கூறினுள் படத்தை ஏற்றி, சாளரத்தில் ஒட்டியபின் அச்செயற்கூறு முடிவடைகின்றது. முடிவடைந்ததும் அதற்குள் பெயரிடப்பட்டவை யாவும் உரிமையாளரற்றவை ஆகின்றன. வேறெவரும் பற்றியிராத பொருளைப் பைத்தான் நினைவகத்திலிருந்து நீக்கிவிடும். சாளரம் படத்தின் பெயரை மட்டுமே அறியும், படத்தைப் பற்றிக்கொள்வதில்லை. ஆதலின் படம் ஏற்றப்பட்டும் திரையில் எஞ்சுவதில்லை. அப்படத்தைச் சாளரத்தின் ஓர் உறுப்பாகவோ, நிரல் முழுவதும் வாழும் பட்டியல் ஒன்றிலோ வைத்தால் சிக்கல் தீரும். சோதனைக்காகச் செயற்கூறின்றி நேரே எழுதிப் பார்க்கும்போது படம் தோன்றிவிடுமாதலால், கற்பவர் மேலும் குழம்புகின்றனர்.

தளந்தோறும் தொகுத்தல்

பைத்தான் நிறுவப்படாத பொறிக்கு நிரலை எடுத்துச்செல்லப் பைஇன்ஸ்டாலர் போன்ற கருவிகள் உள்ளன. அவை எந்தத் தளத்தில் ஓடுகின்றனவோ அந்தத் தளத்துக்கே தொகுத்துத் தரும். விண்டோஸில் தொகுத்ததை லினக்ஸில் ஓட்டவியலாது. இரண்டிலும் தனித்தனியே தொகுத்தல் வேண்டும். லினக்ஸிலும் புதிய பதிப்பில் தொகுத்த நிரல், 'ஜிலிப்சி' என்னும் அடிப்படை நிரலகத்தின் பழைய பதிப்புள்ள பொறியில் பெரும்பாலும் ஓடாது. பழையதில் தொகுத்தது பொதுவாகப் புதியதில் ஓடும். ஆகவே பள்ளிகளிலுள்ள மிகப் பழைய பதிப்பிலேயே தொகுத்தல் முறை. 64 பிட் நிரல் 32 பிட் இயங்குதளத்தில் ஓடாது என்பதும் நோக்கற்பாலது.

தொகுக்கும் கருவி நிரலைத் தொடர்ந்து சென்று துணைநிரல்களைத் தானே சேர்க்கும். படங்களைத் தானே சேர்ப்பதில்லை. அவற்றைத் தனியே குறிப்பிட்டுக் கூறவேண்டும். ஒரே கோப்பாகத் தொகுத்தால், இயங்கும்போது எல்லாம் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் விரிக்கப்படும். அங்கிருந்தே படத்தின் வழியைக் கணக்கிடுதல் வேண்டும். தொடங்குவோர்க்குக் கோப்புறையாகத் தொகுப்பதே ஏற்றது. படம் சேர்ந்ததா என்பதைத் திறந்து பார்த்தே அறியலாம்.

தொகுப்பு முடிந்தபின், பைத்தானும் பில்லோவும் நிறுவப்படாத பொறி ஒன்றில், வேறு பயனர் பெயரில், இடைவெளியும் தமிழெழுத்தும் கொண்ட பெயருடைய கோப்புறையில் வைத்து நிரலை இயக்கிப் பார்த்தல் வேண்டும். மாணவர்க்குரிய பயனர் கணக்கில் எழுதும் உரிமை இராதாகையால், மதிப்பெண் முதலியவற்றை நிரல் தன் கோப்புறையில் எழுத முயல்கின்றதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.