பாடம் 7: மெல்லச் சொன்னால் தொலைவு செல்லும்

நுழையும்முன்

உரக்கக் கூவினால்தான் தொலைவில் இருப்பவருக்குக் கேட்கும் என்பது பொதுவான எண்ணம். வானொலி அலைகளின் உலகிலோ மெல்லிய ஒலியும் கடல் கடக்கும். அதற்கு வேண்டுவது பொறுமை.

கரைக்கு அப்பால்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே அரபிக்கடலை ஒட்டி அமைந்த ஊர் விழிஞ்ஞம். பண்டு ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கியது. இங்குள்ள குன்றின்மேல் 1972ஆம் ஆண்டு முதல் கலங்கரை விளக்கம் ஒளிர்கிறது. ஒளி நேர்க்கோட்டில் செல்வது, புவியோ வளைந்தது. ஆகவே, தொடுவானத்தைக் கடந்துவிட்ட படகுக்கு அவ்விளக்கு தெரியாது. படகுகளில் உள்ள வி.எச்.எஃப். கருவியின் அலைக்கும் ஏறத்தாழ இதே எல்லைதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தொடுவானத்துக்கு அப்பால் செய்தியை அனுப்புவது எங்ஙனம்?

வானமே கூரை

சிற்றலை இதற்கு விடை தருகிறது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் உள்ளது. சிற்றலை அதில் பட்டு வளைந்து, நெடுந்தொலைவில் மீண்டும் தரைக்குத் திரும்புகிறது. விழிஞ்ஞத்துக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள தும்பா, புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் அமைந்தது. மேல் வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடம் என்பதாலேயே 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது.

கையால் செய்த கருவி

வருவாய்க்காக அன்றி, ஆர்வத்தால் வானொலி நிலையம் நடத்துவோர் ‘ஹாம்’ எனப்படுவர். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், அவர்கள் தாமே செய்துகொள்ளத்தக்க ‘பிட்எக்ஸ்’ என்னும் கருவியை வடிவமைத்தார். எளிதில் கிடைக்கும் உறுப்புகளே அதற்குப் போதும். தண்ணீர்க் குழாயில் இடும் வாஷரின்மேல் கம்பியைச் சுற்றியும் சுருள் செய்யலாம். ஏறத்தாழ 6 வாட் ஆற்றலில் இயங்கும் அக்கருவியால் தொலைநாட்டவருடனும் பேச இயலும்.

ஆற்றலை மேலும் குறைத்தால்? அப்போது பேச்சு இரைச்சலில் மூழ்கிவிடும். மோர்ஸ் குறியீடு கைகொடுக்கும். அதில் ஒரு கோடு மூன்று புள்ளி நேரம் நீளும். ஓர் எழுத்துக்குள் குறிகளின் இடைவெளி ஒரு புள்ளி நேரம். எழுத்துகளின் இடைவெளி மூன்று புள்ளி நேரம். இந்திய ஹாம் நிலையங்கள் பலவற்றின் அழைப்புக்குறி ‘வி, யு’ என்னும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். ‘வி’ என்பது மூன்று புள்ளி, ஒரு கோடு. ‘யு’ என்பது இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஒரு புள்ளிக்கு 0.1 நொடி எனில், இவ்விரண்டையும் அனுப்ப 1.9 நொடி போதும். ஒரு புள்ளிக்கு 3 நொடி எனில், 57 நொடி ஆகும்.

இத்தாமதத்தால் பயன் என்ன? குறியை 30 மடங்கு நீட்டினால், அதை வாங்கும் அலைவரிசைச் சாளரத்தை 30 மடங்கு குறுக்கலாம். உள்ளே நுழையும் இரைச்சலும் அந்த அளவுக்குக் குறையும். காதுக்கு எட்டாத குறி, கணினித் திரையில் மெல்லிய கோடாகத் தோன்றும். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு ஆற்றலுடைய வழிகாட்டி நிலையமும் இவ்வாறு பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அறியப்படுகிறது.

இடர்க்காலத் துணை

இடர் நேரும்போது இத்துணை மெதுவாகச் செய்தி அனுப்ப இயலாது. எனினும், அலையின் இயல்பை இவ்வாறு பழகியவர்களே அவ்வேளையில் உதவுகின்றனர். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானில் முகாமிட்டிருந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொடர்புகள் அறுந்தன. அக்குழுவின் சிற்றலைக் கருவி, தீவில் உயிர் பிழைத்தோரின் செய்தியைப் பெருநிலத்தில் தவித்த உறவினர்க்கு எட்டச் செய்தது.

ஒலிபரப்ப அரசின் உரிமம் கட்டாயம் வேண்டும். 12 வயது நிரம்பியோர் அதற்கான தேர்வை எழுதலாம்.

சொல்லும் பொருளும்

எங்ஙனம் – எவ்வாறு
தொடுவானம் – கடலும் வானும் கூடுவதுபோல் தோன்றும் எல்லை
ஆழிப்பேரலை – சுனாமி
இடர் – துன்பம்

பயிற்சி

1. கலங்கரை விளக்கின் ஒளி தொடுவானத்தைக் கடக்காதது ஏன்?
2. குறியை நீட்டுவதால் இரைச்சல் குறைவது எவ்வாறு?
3. பிரித்து எழுதுக: இவ்விளக்கு, நெடுந்தொலைவு.
4. கணக்கிடுக: ‘எஸ்’ மூன்று புள்ளி; ‘ஓ’ மூன்று கோடு. ஒரு புள்ளிக்கு 3 நொடி எனில் ‘எஸ்.ஓ.எஸ்.’ அனுப்ப எத்தனை நொடி ஆகும்? (விடை: 81)
5. செய்து பார்க்க: தொலைவில் உள்ள தாத்தா, பாட்டிக்கு ஐந்து சொற்களுக்குள் ஒரு செய்தி எழுதுக. அச்சொற்களைத் தேர்ந்த காரணத்தை வகுப்பில் கூறுக.