இரவில் தனியாக வீடு திரும்புகிறீர்களா?

● ஆட்டோவில் ஏறும் முன் வண்டி எண்ணைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

● எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கம் நடங்கள். கைப்பை, சாலைக்கு மறுபக்கத் தோளில் இருக்கட்டும். பைக்கில் வந்து பறிப்பவர்களுக்கு எட்டாது.

● காதில் ஹெட்போன் வேண்டாம். பின்னால் வரும் காலடி ஓசை கேட்காமல் போகும்.

● யாராவது பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள கடைக்குள் நுழையுங்கள்.

● மிரட்டி நகை, பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஆளையே இழுத்தால் உரக்கக் கத்தி, உதறிக்கொண்டு ஓடுங்கள்.

● அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் 139. இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

● சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

'ஏதோ சரியில்லை' என்று மனசு சொன்னால் தயங்காமல் விலகிவிடுங்கள். நகையை மறுபடி வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.