தட்டில் பாதி கறிகாய்



“நாங்க ஒழைக்கிற சனங்க. எங்களுக்கு ஏன் இனிப்பு நீர் வரப்போகுது?” என்று கேட்பவர்கள் நம்மில் இன்னும் பலர். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 2010-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையுள்ள இந்தியர்களில் நூற்றுக்குப் 17 பேருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரி. வியாதி மட்டும் நம்மவரிடம் அதிகம். பரம்பரை ஒரு காரணம், அதை நாம் மாற்ற முடியாது. தட்டில் போடுவதை மாற்றலாம்.

சாப்பாட்டை மாற்றி உயிரைக் காத்த கதை நம் மலாயா மண்ணிலேயே உண்டு. நூறு ஆண்டுக்கு முன் ‘பெரிபெரி’ என்னும் நோயில் கால் வீங்கி, நெஞ்சடைத்துச் செத்தவர்கள் ஏராளம். 1907-இல் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் நெகிரி செம்பிலான் ஜெலுபுப் பக்கம் ரோடு போட்ட ஜாவானியத் தொழிலாளரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு கூட்டத்துக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி தின்றவர்களிடையே நோய் வந்தது. புழுங்கலரிசிக்காரர்கள் தப்பினார்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் தமிழ்த் தொழிலாளர் பழக்கமாகத் தின்ற அரிசியும் அதுதான்.

அன்றைய வியாதி சத்துக் குறைவால் வந்தது. இன்றைய வியாதிக்குச் சோறும் சீனியும் மிஞ்சிப்போவது ஒரு பெரிய காரணம். புழுங்கலரிசி நல்லதுதான். ஆனாலும் குவித்துத் தின்றால் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

தட்டை எப்படிப் பிரிப்பது?

சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் ஒரு தட்டுப் படத்தை வெளியிட்டது. தட்டில் கால் பாகம் சோறு அல்லது முழுத் தானியம். இன்னொரு கால் பாகம் மீன், முட்டை, கோழி, பருப்பு வகை. மீதிப் பாதி கறிகாயும் பழமும். மலேசிய சுகாதார அமைச்சும் இதையே ‘சூக்கு-சூக்கு-செப்பாரோ’ என்கிறது; அதாவது கால், கால், அரை. படிக்காதவருக்கும் புரியும் கணக்கு இது. தராசு வேண்டாம், கண்ணால் அளக்கலாம்.

நம் வீட்டில் நடப்பது என்ன? தட்டு நிறையச் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி கறிகாய். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். இந்த வாரம் ஒரு அகப்பை சோறு குறையட்டும், ஒரு அகப்பை கீரை கூடட்டும். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் கறிகாய்க் கணக்கில் சேராது, அவை சோற்றுக் கணக்கு. இதை மறந்து, சோற்றோடு கிழங்குப் பிரட்டலும் வைத்துக்கொள்கிறவர்கள் அநேகம்.

இதற்குக் காசு அதிகம் ஆகுமே என்று நினைக்க வேண்டாம். தீபாவளிச் சாமான் வாங்கச் சிராங்கூன் ரோட்டுக்குப் போனால் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக் கீரையைக் கட்டுக் கட்டாக விலைக்கு விற்பதைப் பார்க்கலாம். தோட்டத்தில் அது வீட்டுக் கொல்லையில் சும்மா தழைக்கிறது! கறி மீன் வாங்க முடியாத நாளில் பருப்பு, பச்சைப்பயறு, முட்டை, நெத்திலி, தெம்பே போதும். கருவாடும் ஊறுகாயும் ஆசைக்குக் கொஞ்சம். ஒருநாள் உப்பு மொத்தமே ஒரு தேக்கரண்டிக்குள் (5 கிராம்) இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் இரண்டாம் தடவை சோறு கேட்காமல், “அண்ணே, கறிகாய் கொஞ்சம் போடுங்க” என்று கேளுங்கள்.

தேத்தண்ணியில் ஒளிந்திருக்கும் சீனி

கெட்டிப்பால் டின்னில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. ஒரு கப் தேயில் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால், அதிலேயே நாலு தேக்கரண்டி சீனி போன மாதிரி. மூன்று கப் குடித்தால் பன்னிரண்டு! ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் (25 கிராம்) இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரட்டுக்குப் போகுமுன்பே அதில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பாட்டில், டின் பானங்களுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும் அது வந்தது. டி தரப் பானத்துக்கு விளம்பரமே செய்யக்கூடாது. நமக்கு எளிய வழி: கடையில் “தே ஓ கோசோங்” என்று கேளுங்கள், சீனி இல்லாமல் வரும். உடனே முடியாவிட்டால் வாரம் ஒரு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும்.

தாய்மார்கள் கவனத்துக்கு

இரத்தச் சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு தேயும் கோப்பியும் குடிக்கக்கூடாது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால், அல்லது பின்னால் ஒரு கொய்யாப்பழம் தின்றால், இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

விடியற்காலையில் வெறும் தேத்தண்ணியோடு வேலைக்காட்டுக்குப் போய்விட்டு, மத்தியானம் தட்டுக் கொள்ளாமல் தின்பதும் வேண்டாம். இரண்டு இட்லியோ, அவித்த கடலையோ, ஒரு முட்டையோ தின்று பசியாறிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்திவிடக்கூடாது. சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், ஆறாத புண், காரணமில்லாத மெலிவு இருந்தால் உடனே இரத்தம் சோதித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாமலேயே இந்த நோய் இருக்கலாம். ஆகவே நாற்பது தாண்டியவர்களும், பெற்றோருக்கு இனிப்பு நீர் உள்ளவர்களும் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இன்று இராத்திரிச் சாப்பாட்டில் கறிகாயை முதலில் பரிமாறுங்கள், சோற்றைப் பிறகு வையுங்கள். பிள்ளைகள் தட்டிலும் அப்படியே. சின்ன வயதில் பழகிய தட்டு, பெரிய வயதிலும் கூடவே வரும்.